கிறகரி அண்ணை கேட்ட ஒரு சொல்

கிறகரி அண்ணைக்குக் குளிரென்றால் பயமில்லை, பனியென்றால்தான் பயம். இரண்டும் வேறு வேறு என்பது அவரோடு ஒரே வீட்டில் இருந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

மொன்றியல் துறைமுகத்துக்குக் கிட்ட, உறைந்த இறாலும் மீனும் கொள்கலன்களில் வந்து இறங்கும் ஒரு களஞ்சியத்தில் அவருக்கு வேலை. அதை எல்லோரும் ஃபிறீசர் என்றுதான் சொல்வார்கள். உள்ளே மைனஸ் இருபத்தைந்து. வேலை முடிந்து வரும்போது புருவத்தில் பூத்திருக்கும் வெள்ளையைத் துடைக்கக்கூட மாட்டார். "உள்ளுக்கை என்ன பயம் தம்பி? அங்கை கதவு இருக்கு. கதவு எந்தப் பக்கம் எண்டும் தெரியும்" என்பார்.

ஆனால் மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் கட்டடத்து வாசலில் இரவு கொட்டிய பனி வழிக்கப்படாமல் கிடந்தால், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருப்பார். காவலாளி வந்து சவளால் தள்ளி, அடியிலுள்ள சீமெந்து தெரிந்த பிறகுதான் காலை வெளியே வைப்பார். பஸ் போனால் போகட்டும். மேல்மாடி ஆனந்தராசா அண்ணை இதைக் கண்டால் விடமாட்டார்.

"என்ன கிறகரி, பொம்பிளை பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிக்கிறாய்? சிவப்புக் கம்பளம் விரிக்கட்டே?"

"விரியுமன். நீர் விரிச்சாத்தான் நான் வருவன்."

"கனடாவுக்கு வந்து பனிக்குப் பயப்பிடுற ஒரேயொரு சீவன் நீதான் காணும்."

கிறகரி அண்ணை சிரிப்பார். ஏன் பயம் என்று சொல்லமாட்டார். ஆனந்தராசா அண்ணைக்குத் தெரியாமலும் இல்லை. தெரிந்தபடியால்தான் பகிடி விடுகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். எங்கள் ஆட்களிடம் துக்கம் விசாரிக்கிற வழிகளில் அதுவும் ஒன்று.

கிறகரி அண்ணைக்குச் சொந்த இடம் மன்னார் பேசாலை. அங்கே மீனுக்கு ஐஸ் போடும் கொம்பனி ஒன்றில் வேலை பார்த்தவர். கலியாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று கேட்டால், "ஐஸ்காரனுக்கு ஆர் பெண் குடுக்கிறது, கை எப்பவும் குளிரும்" என்று கதையை மாற்றிவிடுவார். அதே கொம்பனியில் வேலை செய்த பற்றிக் அவருக்குத் தம்பி மாதிரி. பற்றிக் யோசெப்பினைக் கட்டியபோது இவர்தான் மாப்பிள்ளைத் தோழன். அவர்களுக்கு ஷெரோன் பிறந்து இரண்டு வயதானபோது, தொண்ணூற்றேழாம் ஆண்டு முடிவில், பற்றிக்கும் இவரும் ஐரோப்பாவுக்கு ஆள் கடத்தும் ஒரே ஏஜென்சியின் கையில் தங்களை ஒப்படைத்து வெளிக்கிட்டார்கள். முதலில் மொஸ்கோ, பிறகு உக்ரேன். அங்கேயிருந்து மலைக்காட்டுக்குள்ளால் நடந்து சிலோவாக்கியாவுக்குள் இறங்கவேண்டும். அது தை மாதம்.

அந்த நடையைப் பற்றி அவர் என்னிடம் ஒரேயடியாகச் சொன்னதில்லை. சோறு வடிக்கும்போது கொஞ்சம், சப்பாத்து நாடா கட்டும்போது கொஞ்சம். துண்டு துண்டாக வந்ததை நான்தான் ஒட்டிக்கொண்டேன்.

வழிகாட்டியாக வந்தவன் உக்ரேன்காரன். கையால் மட்டும் கதைப்பான். சட்டம் மூன்று: சத்தம் போடக்கூடாது, வெளிச்சம் காட்டக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. முன்னால் போகிறவனின் முதுகுப்பையை மட்டும் பார்த்து, அவன் கால் வைத்த குழிக்குள்ளேயே கால் வைத்து நடக்கவேண்டும். ஒருவன் திரும்பினால் வரிசை குலையும், வரிசை குலைந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று சிகரெட் புகைக்கும் கையால் காட்டினானாம். வழியில் வந்த ஊர்களைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். மரவீடுகள், புகைபோக்கிகள், நாய் குரைப்பு. ஓரிடத்தில் பாண் வேகும் வாசம் காட்டுக்குள் வந்ததாம். "அந்த வாசத்துக்கு ஒருத்தனும் அழாமல் நடந்ததுதான் பெரிசு" என்றார்.

பற்றிக்கின் காலில் இருந்தது பட்டணத்துச் சப்பாத்து. அது நனைந்து, இறுகி, பிறகு கல்லாகிவிட்டது. இவருக்குப் பின்னால்தான் பற்றிக் வந்தான். பொழுதுபடும் நேரம், பைன் மரங்களுக்குள் ஓர் ஏற்றத்தில், பின்னாலிருந்து அவனுடைய குரல் கேட்டது.

"வாறன்."

அவ்வளவுதான். இவர் ஒரு கணம் நின்றார், கேட்டார், திரும்பவில்லை. வருகிறான்தானே என்று நடந்தார். மலையின் மற்றப் பக்கம் இறங்கி, ஒரு கிராமத்தின் வைக்கோல் கொட்டிலுக்குள் எல்லோரும் நுழைந்த பிறகு திரும்பினால், பின்னால் நிற்கிறது ஒரு பஞ்சாபிப் பெடியன். பற்றிக்குக்குப் பின்னால் நடந்துவந்தவன். பாஷை இல்லை. உள்ளங்கையை நிலத்தைப் பார்க்கத் தாழ்த்திக் காட்டினான். பனியில் குந்தி இருந்துவிட்டான் என்று.

வழிகாட்டி திரும்பிப்போக மறுத்தான். கிறகரி அண்ணை தனியே ஏறப் பார்த்தார். நாலைந்து பேராகப் பிடித்து வைக்கோலுக்குள் அமத்திவிட்டார்கள். விடிய வெளியே பார்த்தபோது, வந்த கால்தடங்களே இல்லை. இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது.

சிலோவாக்கியா முகாமிலிருந்து பேசாலைக்குப் போன் எடுத்தபோது யோசெப்பின் அழவில்லையாம். ஒன்றுதான் கேட்டாளாம்.

"கடைசியா என்ன சொன்னவர் அண்ணை?"

"வாறன் எண்டவன்."

"அப்ப வருவார்."

அந்தப் பதிலில்தான் யோசெப்பின் அக்கா ஒன்பது வருசம் இருந்தார். பற்றிக் களைத்துப்போய் இருந்திருப்பார், பிறகு எழும்பியிருப்பார், வாறன் என்று சொன்ன மனுசன் அந்த மலையிலுள்ள ஏதாவது ஓர் ஊருக்குள் போய்ச் சேராமல் இருக்கமாட்டார். யாரோ ஒரு கிழவி கதவைத் திறந்திருப்பாள். பிறகு சிறை மறியலோ, நோய் வருத்தமோ, மறதியோ. அக்காவுக்கு அந்த மலையில் ஊர்கள் இருந்ததே போதுமாயிருந்தது. செஞ்சிலுவைக்கு எழுதினார். பதிலில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததையும் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டார்.

கிறகரி அண்ணை ஜேர்மனி போய், அங்கே அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, மொன்றியலுக்கு வந்து நிலைத்தார். பிறகு யோசெப்பின் அக்காவும் ஷெரோனும் விமானத்தில் வந்து அகதிக் கோரிக்கை வைத்தார்கள். இவர்தான் லாசாலில் அவர்களுக்கு வீடு பார்த்தார். அக்கா ஒரு கார்டறியில், பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் கீழ்மண்டபத்தில் கோப்பி கொடுப்பார்கள். நான் மூலைக் கதிரையில் இருந்து மனிதர்களைப் பார்ப்பேன். யோசெப்பின் அக்கா இரண்டு கடதாசிக் கோப்பையில் கோப்பி வாங்கிக்கொண்டு வந்து ஒன்றைக் கிறகரி அண்ணையிடம் நீட்டுவார். அவர் ஒரு மிடறு குடித்த பிறகு அக்கா கேட்பார்.

"என்ன சொன்னவர் அண்ணை?"

"வாறன் எண்டவன்."

"ம்."

பிறகுதான் வேறு கதை. ஷெரோனின் பள்ளிக்கூடம், கார்டறியில் கீரை தின்னாத பிள்ளைகள், பாண் விலை. பூசை வைக்கும் சுவாமி சொல்ல நாங்கள் பதில் சொல்வதில்லையா, அதே மாதிரித்தான் அந்தக் கேள்வியும் பதிலும். முதல் தடவை கேட்டபோது நான் கோப்பியைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு அது இல்லாவிட்டால் ஞாயிறு முடியாத மாதிரி இருந்தது.

நவம்பர், மரித்தவர்களின் மாதம். அந்த மாதத்தில் எங்கள் ஆட்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சுவாமியிடம் கொடுப்பார்கள், அவர் பீடத்தில் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பார். யோசெப்பின் அக்கா தகப்பன் பெயர் கொடுத்தார், மாமி பெயர் கொடுத்தார். பற்றிக்கின் பெயரைக் கொடுத்ததில்லை. சில பெண்கள் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள். "வாறன் எண்டவருக்கு எப்பிடி அக்கா நான் ஆத்துமப் பூசை குடுக்கிறது?" என்று கேட்டார். பிறகு ஒருவரும் சொல்லவில்லை.

இதைக் குழப்பியது ஷெரோன்.

இரண்டாயிரத்து ஏழு தை மாதம். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு ரீச்சர், வீட்டில் ஒருவரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார். ஷெரோன் தகப்பனைப் பற்றி எழுத வெளிக்கிட்டு, அந்தக் கடைசிச் சொல்லில் வந்து நின்றுவிட்டாள். ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக் குசினிக்குத் தாயையும் இழுத்துக்கொண்டு வந்தாள். கிறகரி அண்ணை கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, வாறன் எண்டா 'ஜாரீவ்'தானே? வந்துகொண்டிருக்கிறன், அதுதானே?"

"ஓம் பிள்ளை."

"ஆனா மம்மி வேலைக்குப் போகேக்கையும் வாறன் எண்டுதான் சொல்லுறா. நீங்களும் எங்கடை வீட்டாலை போகேக்கை வாறன் எண்டுதான் சொல்லுறியள். அது 'ஜு மாங் வே'. போறன் எண்டு அர்த்தம். பிரெஞ்சிலை ரண்டு சொல்லு இருக்கு. நான் எதை எழுதுறது?"

கத்தி நின்றது. அக்கா மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, கத்தரிக்காய்த் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கவிதை வாசிக்கிறவன். ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் இருந்தால் அதற்காகவே சந்தோசப்படுகிறவன். அன்றைக்கு எனக்கு அந்தச் சொல்லைப் பிடித்து வெளியே எறியவேண்டும் போலிருந்தது.

"உதென்ன கேள்வி," என்றார் கிறகரி அண்ணை. "வாறன் எண்டா வாறன்தான். வேறை என்ன?"

"எப்பிடிச் சொன்னவர் அண்ணை?" என்று கேட்டார் யோசெப்பின் அக்கா. ஒன்பது வருசத்தில் இது புதுக் கேள்வி. "என்ன சொன்னவர் எண்டு கேக்கேல்லை. எப்பிடிச் சொன்னவர்?"

"எப்பிடியெண்டா? சாதாரணமாத்தான்."

"முன்னாலை பாத்துக்கொண்டு நிண்டனியள். முகம் காணேல்லை."

"காணேல்லை."

"அதுதான்."

ஷெரோன் கட்டுரையை அரைவாசியில் விட்டுவிட்டாள். ரீச்சரிடம் தவணை கேட்டாள். அக்காவுக்குத் தவணை தர ஒருவருமில்லை.

அந்த மாசியில் கோயில் இளைஞர் ஒன்றியத்தின் தலைவன் டினோஜன் ஒரு பனிநடை ஒழுங்கு செய்தான். பஸ் பிடித்து வடக்கே லோறன்சியன் மலைக்குப் போய், ஒரு கிராமத்திலிருந்து காட்டுக்குள்ளால் அடுத்த கிராமத்துக்கு நடப்பது. முடிவில் அந்த ஊர்க் கோயில் மண்டபத்தில் சூப்பும் பாணும். "எங்கடை பிள்ளையள் இந்த நாட்டிலை பிறந்தும் பனியை யன்னலாலை பாக்குதுகள்" என்று பூசை முடிவில் அறிவித்தான். பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் அகலமான சட்டத்துக்குப் பிரெஞ்சில் றக்கெற் என்று பெயர். அவன், "றக்கெற் வைச்சிருக்கிற ஆக்கள் கொண்டு வாங்கோ" என்று சொன்னதைக் கேட்டு, இந்து என்றாலும் கோயில் பயணம் ஒன்றையும் தவறவிடாத ஆனந்தராசா அண்ணை, இரண்டு பட்மின்ரன் றக்கெற்றைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியது தனிக்கதை.

பயணத்துக்கு முந்திய ஞாயிறு, மண்டபத்தில், யோசெப்பின் அக்கா கோப்பியை நீட்டினார். வழமையான கேள்வியைக் கேட்கவில்லை.

"அண்ணை, நீங்கள் இந்த நடைக்கு வரவேணும்."

அவர் சிரித்தார். "நானோ? எனக்குப் பனி சரிவராது எண்டு தெரியும்தானே யோசெப்பின்."

"தெரியும். நீங்கள் முன்னாலை நடவுங்கோ. அவர் நடந்த மாதிரி நான் பின்னாலை நடக்கிறன். ஏத்தம் ஒண்டு வரும். அங்கை நான் சொல்லுறன். திரும்பக் கூடாது. கேட்டுப் பாத்துச் சொல்லுங்கோ, அப்பிடித்தானோ எண்டு."

"விசர்க்கதை கதையாதை."

"எனக்கு வேறை என்ன இருக்கு அண்ணை? உங்கடை காது ஒண்டுதானே இருக்கு."

அவர் கோப்பையைச் சுழற்றினார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், "தம்பி, நீயும் வா. அவளுக்குப் பின்னாலை நட. ஆரும் ஒராள் அவளுக்குப் பின்னாலை நிக்கவேணும்" என்றார்.

பஸ் எங்களை இறக்கிய கிராமத்தின் பெயர் சென்ற், அதாவது புனிதர், என்று தொடங்கும். அங்கே எல்லாக் கிராமமும் அப்படித்தான். ஒரு கோயில், டெப்பனர் என்கிற ஒரு சில்லறைக் கடை, தபால் கந்தோர், கூரையெல்லாம் ஒரு முழப் பனி. கடைக்காரன் "பொன்ஜூர்" என்று சொல்லி, இத்தனை கறுத்த ஆட்கள் ஒரே நேரத்தில் மலை ஏற வந்திருப்பதை ஆச்சரியத்தோடு பார்த்தான். வாடகைக்குக் கிடைத்த சட்டங்களை எல்லோரும் காலில் கட்டினோம். ஆனந்தராசா அண்ணையின் பட்மின்ரன் மட்டைகளை டினோஜன் வாங்கிப் பஸ்ஸுக்குள் எறிந்தான்.

"அடே, நான் காலுக்குக் கீழை கட்டிப் பாத்திட்டுத்தான் கொண்டு வந்தனான்!"

"அங்கிள், நீங்கள் கடைசியா வாங்கோ. விழுந்தா ஆரும் மிதிக்க மாட்டினம்."

கிறகரி அண்ணை கடைசி வீதியின் விளிம்பில் நின்றார். வழித்த பாதை முடிந்து காட்டின் வெள்ளை தொடங்கும் இடம். தொப்பியை இழுத்து, அதற்கு மேல் ஜக்கெற்றின் தலைமூடியையும் போட்டார். சிலுவை போட்டுக்கொண்டு முதல் காலை வைத்தார்.

டினோஜனும் ஷெரோனும் மற்றப் பிள்ளைகளும் முன்னால். பிறகு கிறகரி அண்ணை. அவருக்குப் பின்னால் யோசெப்பின் அக்கா. பிறகு நான். எனக்குப் பின்னால் மூச்சு வாங்கியபடி ஆனந்தராசா அண்ணை.

நல்ல நீல வானம். பைன் கிளைகளில் பனி பாரமாக இருந்து, காற்றில்லாமலே இடைக்கிடை சொரிந்தது. ஒருவரும் திருப்பி அனுப்பாத, ஒருவரும் துரத்தாத காடு. பிள்ளைகள் பிரெஞ்சில் பாட்டுப் படித்துக்கொண்டு போனார்கள். அப்படியிருந்தும், முன்னால் போகிற முதுகை மட்டும் பார்த்து, முன்னால் வைத்த தடத்திலேயே கால் வைத்து, கிறகரி அண்ணை நடந்த நடையைப் பார்க்க எனக்கு அந்தக் காடு வேறு காடாகிவிட்டது. அவர் ஒருதரமும் தலையைத் திருப்பவில்லை. திருப்பக்கூடாது என்று ஒருவன் புகைக்கும் கையால் அவருக்குக் காட்டி ஒன்பது வருசம் ஆகியிருந்தது.

ஏற்றம் வந்தது. பிள்ளைகள் மேலே ஏறி வளைவில் மறைந்தார்கள். யோசெப்பின் அக்கா கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கினார். அவருக்கும் கிறகரி அண்ணைக்கும் இடையில் ஒரு பஸ் நிற்கக்கூடிய வெளி. நான் அவருக்கு நேர் பின்னால் வந்துவிட்டேன். அவர் கையுறையைக் கழற்றி வாயைத் துடைத்தார். பிறகு, கத்தாமல், களைத்த ஆள் சொல்வதுபோலச் சொன்னார்.

"அப்ப வாறன்."

அந்த அப்ப என்ற ஒரு சொல். அது முன்னால் வந்துவிட்டால் எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், புறப்படுகிற ஆள் வாசலில் நின்று சொல்வது அது. வருகிற ஆள் அப்படிச் சொல்வதில்லை.

முன்னால் கிறகரி அண்ணை நின்றார். திரும்பவில்லை. கையை மட்டும் உயர்த்தினார்.

"கேட்டது!" என்றார். குரலில் ஒரு துள்ளல். "கேட்டது யோசெப்பின்! அதே மாதிரி! அச்சொட்டா அதே மாதிரி!"

"என்ன கேட்டது அண்ணை?"

"வாறன் எண்டாய். அப்பிடித்தான் அவனும் சொன்னவன். வாறன். உதேதான்!"

அவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அக்கா அசையாமல் நின்றார்.

"இன்னொருக்காச் சொல்லுறன். நடவுங்கோ."

அவர் நடந்தார். காலின் சட்டங்கள் பனியை நொறுக்கும் சத்தம் தொடங்கியது. அக்கா மறுபடியும், அதே களைத்த குரலில், இந்தமுறை நீளமாகச் சொன்னார்.

"என்னாலை ஏலாது அண்ணை. நீங்கள் போங்கோ. அப்ப வாறன்."

அப்போதுதான் நான் கவனித்தேன். குரல் கேட்டதும் அவர் உடனே நிற்கவில்லை. நொறுங்கும் பனி, தலைமூடி, தொப்பி. ஏதோ குரல் என்று உணர்ந்து, வைத்த காலை ஊன்றி, மற்றக் காலை நிறுத்தி, அதன் பிறகுதான் அவருடைய காது திறந்தது. அதற்குள் எல்லாம் முடிந்து கடைசிச் சொல் மட்டும் மிஞ்சியிருந்தது.

"வாறன்!" என்றார் அவர் சந்தோசமாக. "பாத்தியோ? வாறன் எண்டுதான் கேக்குது!"

தான் சொன்னது வேறு என்று அக்கா சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். அதை விழுங்கிக்கொண்டு நடந்திருப்பார். ஆனால் பின்னாலிருந்து ஆனந்தராசா அண்ணை மூச்சு வாங்க வாங்கக் கத்தினார்.

"என்ன பிள்ளை யோசெப்பின், ஆருக்கு 'அப்ப வாறன்' சொல்லுறாய்? திரும்பிப் போகப் போறியோ? நில்லு, நானும் வாறன், எனக்கும் ஏலாது!"

இப்போது கிறகரி அண்ணையின் கால்கள் நின்றிருந்தன. காது திறந்திருந்தது. முழுக்கக் கேட்டது.

அவர் திரும்பினார்.

"என்ன சொன்னனீ?"

அக்கா கழற்றிய கையுறையைப் பார்த்தார்.

"அப்ப எண்டும் சொன்னனீயோ?"

"ஓம் அண்ணை."

"முதலும்?"

"முதலும்."

"நான் வாறன் எண்டுதானே கேட்டனான்." அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லு. உனக்கு என்ன கேட்டது?"

நான் வாயைத் திறந்தேன். பொய் வரவில்லை. உண்மையும் வரவில்லை. அதுவே அவருக்குப் போதுமாயிருந்தது.

அவர் நின்ற இடத்திலேயே பனிக்குள் இருந்துவிட்டார். விழவில்லை, முழங்காலை மடித்து, சந்தையில் களைத்தவன் இருப்பதுபோல இருந்தார். தலைமூடியைப் பின்னால் தள்ளினார். தொப்பியைக் கழற்றினார். காதுகள் சிவந்திருந்தன.

"அப்ப, அவன் வேறையும் ஏதும் சொல்லியிருப்பானோ?" என்றார். "ஏலாது எண்டு சொல்லியிருப்பானோ? நில் எண்டு சொல்லியிருப்பானோ? நான் கேக்காமல் நடந்திருப்பனோ?"

"தெரியாது அண்ணை."

"நீ சொல்லு. நீ அவன்ரை மனுசி."

"வீட்டாலை வெளிக்கிடேக்கை என்னட்டையும் அதைத்தான் சொன்னவர்," என்றார் யோசெப்பின் அக்கா. "பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிப்போட்டு, படியிலை நிண்டு, அப்ப வாறன் எண்டவர். நான் ஓம் எண்டனான்." கையுறையைத் திரும்பப் போட்டார். ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல். "என்ன சொன்னவர் எண்டு எங்களுக்கு இனித் தெரியாது அண்ணை. எழும்புங்கோ. இதிலை இருக்கக் கூடாது."

நானும் ஆனந்தராசா அண்ணையும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கினோம். ஆனந்தராசா அண்ணை, "நான் சும்மா பகிடிக்கு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். கிறகரி அண்ணையின் கை கனத்தது. மிச்ச வழி முழுக்க அக்காதான் முன்னால் நடந்தார்.

அடுத்த கிராமத்து மண்டபத்தில் சூப் சூடாக இருந்தது. யன்னலுக்கு வெளியே புகைபோக்கிகள். பாண் வேகும் வாசம் வந்தது. கிறகரி அண்ணை சூப்பைத் தொடவில்லை. ஷெரோன் தாய்க்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். காட்டில் நடந்தது அவளுக்குத் தெரியாது.

"மம்மி, நாளண்டைக்குக் கட்டுரை குடுக்கவேணும். ஜாரீவா, ஜு மாங் வேயா?"

"தமிழிலையே எழுது."

"ரீச்சருக்கு விளங்காது."

"விளங்காட்டி விளங்காமல் இருக்கட்டும்."

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் யோசெப்பின் அக்கா இரண்டு கோப்பியோடு வந்தார். நீட்டினார். கிறகரி அண்ணை ஒரு மிடறு குடித்துவிட்டுக் காத்திருப்பார். கேள்வி வராது. கீரை, பள்ளிக்கூடம், பாண் விலை. ஒருநாள் அவராகவே, யாரும் கேட்காமல், "வாறன் எண்டவன்" என்றார். அக்கா அவருடைய கையைத் தொட்டார். "கோப்பி ஆறுது அண்ணை" என்றார். அதோடு அதுவும் நின்றுபோனது.

அவரிடம் ஒரு புதுப்பழக்கம் வந்தது. யார் என்ன சொன்னாலும், "என்ன? முழுக்கச் சொல்லு. முதல்லையிருந்து சொல்லு" என்பார். ஃபிறீசரில் தலைமூடி போடாமல் வேலை செய்யத் தொடங்கினார். மேற்பார்வையாளர் ஏசினார், எழுதிக் கொடுத்து எச்சரித்தார். ஒரு காதின் நுனி கறுத்து உரிந்தது. "பரவாயில்லை, கேக்குது" என்றார் என்னிடம். தன்னை யாரும் பின்தொடர விடுவதும் இல்லை. படியேறினாலும், வீதியில் போனாலும், "நீ முன்னாலை நட" என்று விலகி நிற்பார்.

நவம்பர் வந்தது. சுவாமி பீடத்தில் நின்று பெயர்களை வாசித்தார். யோசெப்பின் அக்காவின் தகப்பன் பெயருக்கும் மாமியின் பெயருக்கும் பிறகு, ஓர் இடைவெளியும் விடாமல், பற்றிக்கின் பெயர் வந்தது. ஷெரோன் தாயை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா மற்றவர்களோடு சேர்ந்து பதில் செபம் சொன்னார். கிறகரி அண்ணையின் வாய் அசையவில்லை.

கீழே மண்டபத்தில் அன்று அக்கா கோப்பி வாங்கவில்லை. கோட்டைப் போட்டு, மகளின் கழுத்துத்துண்டைச் சுற்றிவிட்டு, கிறகரி அண்ணைக்கு முன்னால் வந்து நின்றார். எப்போதும் புறப்படும்போது சொல்கிற அந்தச் சொல்லுக்காக அவர் முகத்தை உயர்த்தியது எனக்குத் தெரிந்தது.

"நாங்கள் போறம் அண்ணை," என்றார் யோசெப்பின் அக்கா.

எங்கள் ஆட்களில் ஒருவரும் அப்படிச் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அக்கா படியேறிப் போய்விட்டார். கிறகரி அண்ணை, "ஓம்" என்றார். அவர்கள் போய்க் கனநேரத்துக்குப் பிறகு சொன்னார்.

நாங்கள் வெளியே வந்தபோது அந்த வருசத்தின் முதல் பனி விழத் தொடங்கியிருந்தது. பஸ் தரிப்பு வரை நடைபாதை முழுக்க மெல்லிய வெள்ளை, ஒரு தடமும் இல்லை. கோயில் வாசலில் அவர் ஒதுங்கி நின்றார்.

"நீ முன்னாலை நட தம்பி."

நடந்தேன். பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். என் காலடியின் சத்தம்தான் கேட்டது. சந்தியடிக்கு வந்ததும் நின்று, திரும்பாமல் கூப்பிட்டேன்.

"அண்ணை, வாறியளோ?"

"வாறன்," என்று குரல் வந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் நடக்கவே தொடங்கியிருக்கவில்லை. கோயில் வாசலில், கூரைக்குக் கீழ் நனையாத சீமெந்து முடிகிற இடத்தில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.